சக்களத்தியாக வந்த ஆண்டவர்

கம்மஞ்சோற்றை உருட்டி வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, வட்டிலை என் வீட்டுக்காரர் முன்னால் தள்ளினேன். அவர் கை வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தலைவலியாக்கும் என்று நினைத்து, கையில் அகப்பையோடு சற்று நேரம் நின்றேன். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காதது போலச் சாப்பிட ஆரம்பித்தார். "யார்ட்ட பேசினிய?" என்று கேட்டேன். "சோறு குடுத்தவருக்கு நன்றி சொன்னேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கம்பைக் குத்தியவள் நான். புடைத்தவள் நான். அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்தவளும் நான். கலியாணமாகி வந்த நாளிலிருந்து குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நன்றி மட்டும் வேறு யாருக்கோ போகிறது! அன்றைக்குப் பிடித்த எரிச்சலைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். வீடு இராஜபாளையத்தில், தொழில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில். வெள்ளைக்கார மகாராணி செத்துப்போனாராம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்ட காலம் அது. மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. விற்கிறவர் கையையும் தரகர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். இந்தப் பக்கம் ஒரு விரல், வாங்குகிறவர் பக்கம் வேறு விரல், நடுவில் நிற்பது தரகருக்கு. அதில் என் வீட்டுக்காரர் படு கெட்டிக்காரர். தேய்ந்த பல்லைக் காட்டி இளங்காளை என்று நம்பவைப்பார். சந்தை முழுக்கக் கேட்கிற அந்த வாய், வீட்டு நிலையைத் தாண்டியதும் மூடிக்கொள்ளும். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா" என்பதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை. அதற்காக நான் குறைப்பட்டதும் இல்லை. தெருவில் எல்லா ஆண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் ஏறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருவேன். மலை இறங்கும்போது கால் வலிக்குமே தவிர வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னொருத்தியைக் கட்டச் சொல்லி அவர் காதைக் கடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் இருக்கும்போதே, எனக்குக் கேட்கும்படியாகவே சொல்வார்கள். அதனால் சக்களத்தி ஒருத்தி எந்த நேரமும் வந்துவிடுவாள் என்று வாசலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே நான் வாழ்ந்தேன். எதிர்வீட்டுப் பெண் புதுச்சேலை கட்டினாலும் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அப்படிப்பட்டவள் கண்ணில் இதெல்லாம் படாமல் போகுமா? சந்தை இல்லாத நாளிலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட ஆரம்பித்தார். போகும்போது குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு போவார். வரும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வருவார். பாட்டு! என் வீட்டுக்காரருக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாட்டுக்குப் புல் அள்ளிப் போடும்போது தனக்குள் சிரித்துக்கொள்வார். சரி, வந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். எவள் அவள், எந்தத் தெரு, என்னைவிடச் சிவப்பா, இதையெல்லாம் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜு வீட்டு அம்மாள் ஒருத்தி இருந்தாள். ஆண்டாள் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனாள். நானும் ஏறிக்கொண்டேன். கோயிலில் அவள் பிராகாரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது நழுவி, மாட்டுச் சந்தைப் பக்கம் விசாரித்தேன். ஒரு கீற்றுக் கொட்டகையைக் காட்டினார்கள். தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மெலிந்த ஒரு கிறிஸ்தவ உபதேசியார் வேதப் புத்தகத்தோடு நின்றார். பெண் வாடையே இல்லை. என் வீட்டுக்காரர் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை எனக்கு அவர் காட்டினதே இல்லை. எல்லாவற்றையும் ஒருவரிடம் கொட்டிவிட்டு, இனி ஒன்றும் மிச்சமில்லை என்று உட்கார்ந்திருக்கிறவனின் முகம். ஒரு பெண்ணாக இருந்தால் கொட்டகைக்குள் புகுந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். கண்ணுக்குத் தெரியாத ஆளுடைய கொண்டையை எங்கே தேடுவது?

திரும்பும் வழியில் நான் அழுததைப் பார்த்துவிட்டு ராஜு வீட்டு அம்மாள், "அய்யோ தேவுடா, பொம்பள தொடுப்பு இல்லைன்னா சந்தோசப்படு. எதுக்கு அழுற?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? பெண்ணென்றால் வயதாகும், சலிக்கும், ஒரு நாள் சண்டை வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆளுக்கு அதெல்லாம் கிடையாதே.

அன்று மாலை நேராகவே கேட்டுவிட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அந்த உபதேசியாருக்கு என் வீட்டுக்காரர்தான் ஒரு பசுவை விற்றிருக்கிறார். உதைக்கிற பசு; பாலைக் கறக்க விடாது. அதை மறைத்துத்தான் தலையில் கட்டினார். கொஞ்ச நாள் கழித்து அவரைச் சந்தையில் பார்த்ததும், சண்டைக்கு வருகிறார் என்று துண்டை உதறிக்கொண்டு தயாராக நின்றாராம். உபதேசியார் சிரித்துக்கொண்டே, பசு உதைக்கும் என்று தெரிந்துதான் வாங்கினேன் என்றாராம். "நான் வாங்கலன்னா வேற எவனாவது ஏழை தலையில கட்டியிருப்பீர்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். என் வீட்டுக்காரருக்கு அது ஆறவே இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பார். உம்மை இப்படி நடக்கச் சொன்னது யார் என்று கேட்கப் போனவர்தான், பாயில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இப்ப நிச்சயமாயிருச்சு ஏட்டி. இம்புட்டு நாளும் இருட்டுல விரலைத் தடவிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியதும் என்னைப் பற்றி இல்லை.

அந்த 'நிச்சயம்' என்ற சொல்தான் என் வயிற்றை எரித்தது. எனக்கு எதில் நிச்சயம் இருந்தது? மழை வருமா, கம்பு விளையுமா, பிள்ளை தங்குமா, இந்த வீட்டில் அடுத்த வருஷம் நான் இருப்பேனா, எதுவும் தெரியாமல் விடிய விடியப் புரண்டுகொண்டிருப்பவள் நான். பக்கத்தில் இந்த மனுஷர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அத்தனை நிம்மதியையும் ஒருவரே வாரிக்கொண்டால் எப்படி? எனக்கும் கொடுங்கள் என்று கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. விடியற்காலையில் தொழுவத்து மூலையில் முழங்காலிட்டு அவர் பேசும்போது, நான் வேண்டுமென்றே குடத்தை உருட்டுவேன். வாளியைத் தட்டுவேன். அவர் பேச்சு நிற்காது. என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

சந்தையிலும் ஆள் மாறிவிட்டார். பேரம் பேசும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விலையை எல்லாருக்கும் கேட்க வாயால் சொன்னார். உழவில் படுத்துக்கொள்கிற மாடென்றால் படுக்கும் என்றே சொன்னார். மற்றத் தரகர்களுக்கு ஆத்திரம். அவர் பக்கத்தில் நிற்கவே ஆட்கள் யோசித்தார்கள். வீட்டில் கருவாடும் குறைந்தது. இருக்கிற கஞ்சிக்கு மட்டும் நன்றி சொல்வது நிற்கவில்லை. "கொறச்சலா குடுத்தாலும் நன்றி சொல்லணுமோ உங்க ஆண்டவருக்கு?" என்று குத்துவேன். சிரிப்பார். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று எனக்கு.

இப்படி இருக்கும்போதுதான் சாம்பல் நிறத்து மயிலைக் காளை ஒன்று வந்தது. மாட்டு உடம்பில் மயிர் சுழித்துக்கொள்ளும் இடத்துக்கு எங்கள் பக்கம் அத்தனை பயம். சுழி பார்க்காமல் மாட்டுக்கயிற்றை ஒருவரும் கையில் வாங்க மாட்டார்கள். குடி உயர்த்தும் சுழி உண்டு, குடி கெடுக்கும் சுழி உண்டு. அதில் ஒன்றுக்குப் பெண்டிழந்தான் சுழி என்று பெயர். அந்த மாட்டை வாங்கிக் கட்டியவன் பெண்டாட்டி பிழைக்க மாட்டாள். அப்படிப்பட்ட மாடு வந்தால் தரகர்கள் செய்வது ஒன்றுண்டு. சுழியின் மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு சூடு போட்டு, வாதத்துக்குப் போட்ட சூடு என்று சொல்லி வெளியூரான் தலையில் கட்டிவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் அந்த நாளில் போட்டவர்தான்.

சுந்தரபாண்டியத்து விவசாயி ஒருவர் அந்தக் காளையை ஓட்டிக்கொண்டு வந்தார். சுழி தெரியாமல் வாங்கியவர். வாங்கின சில மாதத்தில் அவர் மனைவி காய்ச்சலில் செத்துப்போனாள். பிறகுதான் யாரோ வாலடியைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். உழவுக்கு வேறு மாடு வாங்க இதை விற்றே ஆகவேண்டும். யாரும் கிட்ட வரவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரரிடம் வந்து, ஒரு சூடு போட்டுத் தள்ளிவிடச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "சுழியில ஒண்ணும் இல்ல வே. உயிர் ஆண்டவர் கையில இருக்கு, மாட்டு மயிர்ல இல்ல" என்று சந்தையே கேட்கச் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு வந்ததே கோபம். "அப்படியா தரகரே? அம்புட்டு நிச்சயம்னா நீரே வாங்கிக் கட்டும். உம்ம வீட்லயும் ஒரு பொம்பள இருக்காள்லா" என்றார். சந்தை சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரர் பேரம் பேசவில்லை. சுழியில்லாத மாட்டுக்கு என்ன விலையோ அதைக் கொடுத்துக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

மாட்டுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. அவர் காளையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்த்தது காளையை இல்லை, என்னை. நான் வாசலில் நின்றேன். எனக்குச் சுழியில் நம்பிக்கை உண்டு. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது; சும்மா போய்விடுமா? "என்னைக் கேட்டியளா?" என்றேன். தலை குனிந்து நின்றார். "உங்க ஆண்டவருக்கு நீங்க எதையும் குடுங்க. உங்க உசுரக் குடுங்க. எம் உசுர எடுத்துக் குடுக்க நீங்க யாரு?" என்றேன். கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. தான் அத்தனை நிச்சயமாக இருந்ததால், நானும் அதற்குள்ளேயே நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். மாட்டைப் பற்றிய பயத்தைவிட அதுதான் என்னைச் சுட்டது. அவரும் அவருடைய ஆண்டவரும் கலந்து பேசி என்னை ஏலம் விட்டதுபோல இருந்தது.

தெரு வேறு கதை கட்டியது. பிள்ளை இல்லாதவளைத் தள்ளிவிட்டு வேறு கட்டத்தான் தரகர் அந்த மாட்டைப் பிடித்து வந்திருக்கிறார் என்றார்கள். கிணற்றடியில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். சிலர் என் கையைப் பிடித்து, ஏற்கெனவே செத்துப்போனவளிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். நான் தினமும் அந்தக் காளைக்குத் தண்ணீர் வைத்தேன். அது சாதுவான மாடு. என் தோளில் மூக்கைத் தேய்க்கும். தேய்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு விறைக்கும்.

மழைக்காலம் பிறந்ததும் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பலருக்கும் வந்த விஷக்காய்ச்சல்தான். என் விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. நாள் ஆக ஆகத் தலை தூக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தால் கூரை சுற்றும். என் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்று கத்தினான்: "மாப்ளே, எந் தங்கச்சியக் கொல்லத்தான் இதக் கொண்டாந்து கட்டினீரா? இன்னிக்கி இந்த மாடு வெளிய போகணும். இல்லன்னா பொழுது சாயறதுக்குள்ள எந் தங்கச்சி செத்துப் போவா. பொறவு நான் மனுசனா இருக்க மாட்டேன்." என் வீட்டுக்காரர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். உதடு அசையவில்லை. திரும்பத் திரும்ப மூடிப் பார்த்தார். பிறகு என் நெற்றியில் கை வைத்தார்.

"ஏட்டி, எனக்கு நீ போதும்" என்றார். "மாட்ட ஓட்டிட்டுப் போயிருதேன். சூடு போட்டு எங்கயாவது தள்ளி விட்டுருதேன். நீ பொழச்சுக்கோ." எழுந்து தொழுவத்துக்குப் போனார். படுத்த இடத்திலிருந்து தொழுவம் தெரியும். முளையில் கட்டிய கயிற்றை அவர் அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஜெயித்துவிட்டேன்! இத்தனை நாள் எதற்காக வாளியைத் தட்டினேனோ, குடத்தை உருட்டினேனோ, அது கிடைத்துவிட்டது. என்னையும் மேலே இருக்கிற அந்தப் பெரியவரையும் தராசில் வைத்து, என்னை எடுத்துக்கொண்டார். காய்ச்சலிலும் எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கயிற்றோடு திரும்பினபோது அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தையில் நஷ்டப்பட்டு வரும் நாளில்கூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை. ஆள் உள்ளுக்குள் காலியாகிவிட்டார். நான் பிழைத்தால், இந்த முகத்தோடுதான் குடித்தனம் நடத்தவேண்டும். தினம் தினம் கஞ்சி ஊற்றும்போது, எனக்காக விட்டுவந்ததை நினைத்துக்கொண்டே குடிப்பார். கூட இருக்கிற சக்களத்தியோடு மல்லுக்கட்டலாம். புருஷன் எனக்காகக் கைவிட்டதால் வெளியே நிற்கிற சக்களத்தியை என்ன செய்வது? அவர் ஆயுசு முழுக்க அங்கேதான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஏக்கத்தை அந்த ஆளுக்கு நான் விட்டுக்கொடுப்பேனா? செத்தாலும் மாட்டேன்.

"கட்டுங்க அத" என்றேன். சத்தம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். "மாட்டக் கட்டுங்க. அது இங்கதான் நிக்கணும். வேற எவ வீட்டுக்கும் அது போகக் கூடாது." என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "காய்ச்சல்ல பித்துப் புடிச்சிருச்சு" என்றான். என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு மாட்டைக் கட்டிவிட்டு வந்து, என் காலடியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். என் அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

காய்ச்சல் விட்டது. அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு விட்டது, எனக்கும் விட்டது, சிலருக்கு விடவில்லை. இரவும் பகலும் கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றிக்கு ஈரத்துணி போட்டவள் ராஜு வீட்டு அம்மாள். என் வீட்டுக்காரர் தொழுவத்து மூலையில் போய் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். "அவளுக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்று படுக்கையிலிருந்தே கத்தினேன். போய்ச் சொன்னார். எனக்கும் சொன்னார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் அதன் பிறகுதான் ஆரம்பித்தார். அதற்கு முன்பு கண்ணை மூடுவது மட்டும் தவறவில்லை.

தைப் பொங்கல் கழிந்து ஒரு நாள் சுந்தரபாண்டியத்து விவசாயி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் முற்றத்தில் மயிலைக் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர் என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "நீங்கதான் அவிய வீட்டம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "காய்ச்சல்ல கிடந்தியன்னு சொன்னாவ." பிழைத்துவிட்டேன் என்றேன். மனிதர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவள நான் கொல்லலியா தாயி?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியதும் கையிலிருந்த வைக்கோல் பிரி கீழே விழுந்துவிட்டது. அந்த மாட்டை ஆசைப்பட்டு வாங்கி வந்ததே அவர்தானே. தன் கையால் கயிற்றைப் பிடித்து வந்து பெண்டாட்டியைக் கொன்றுவிட்டதாக அந்த மனிதர் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் உழுதுகொண்டிருந்திருக்கிறார். சந்தையில் என் வீட்டுக்காரர் மேல் அவருக்கு வந்த கோபமும் அதுதான். சுழியில் ஒன்றுமில்லை என்று சொல்வது எளிது. அதை அவர் நம்புவதற்கு ஒருத்தி உயிரோடு நின்று அந்த மாட்டைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. "நீங்க கொல்லல அண்ணாச்சி, காய்ச்சல் வந்து போயிட்டாவ. எனக்கும் வந்துச்சு, நான் கிடந்து எந்திச்சேன். அம்புட்டுத்தான்" என்றேன். ஒரு செம்பு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மாட்டின் முதுகைத் தடவிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு மட்டும் இன்னொரு பொறாமை சேர்ந்துகொண்டது. இப்படியெல்லாம் ஒரு வேலையைச் செய்து முடிக்க, இவருடைய ஆண்டவருக்கு முன்னாலேயே எப்படித் தெரிந்தது? எனக்கு நடந்த பிறகுதானே தெரிகிறது.

அவர் ஞானஸ்நானம் எடுத்தபோது நானும் எடுத்தேன். என் பிறந்த வீட்டுக் கதவு அதோடு சாத்திக்கொண்டது. அண்ணன் எதிரே வந்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு போனான். அந்த வலியைப் பற்றி எழுத எனக்கு இன்றும் தெம்பில்லை. பாதிரியார் என்னிடம், விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றேன். பொய் இல்லை. ஆண்டவர் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. இல்லாத ஒருவர்மேல் எந்தப் பெண்ணாவது வருஷக்கணக்கில் பொறாமைப்படுவாளா? மற்றவர்கள் அவரிடம் போனது வேறு வழியாக இருக்கலாம். நான் போனது சண்டை போட்டுக்கொண்டு. எழுத்துக் கற்றுக்கொண்டதும் அதே ரோஷத்தில்தான். அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, இவர் மட்டும் படித்துப் படித்து முகம் மலர்கிறாரே என்று, உபதேசியாரின் மனைவியிடம் போய் மண்ணில் எழுதிப் பழகினேன்.

இப்போது நான் தனியாக இருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மோட்டார் பஸ் போகிறது. சந்தையில் துண்டு போட்டுத்தான் இன்னமும் விரலைப் பிடிக்கிறார்கள். சபைப் பெண்கள் கூடும்போது, "ஒங்களுக்கு எப்படி ஆச்சி இம்புட்டு நிச்சயம் வந்துச்சு?" என்று சின்னப் பெண்கள் கேட்பார்கள். அவர்கள் எதிர்பார்க்கிற பதில் எனக்குத் தெரியும். பாட்டுப் பாடலாம் என்று பேச்சை மாற்றிவிடுவேன். இதை எப்படி அவர்களிடம் சொல்வது?

என் வீட்டுக்காரர் போனது ஒரு மத்தியானத்தில். சளி நெஞ்சில் கட்டிச் சில நாளாகவே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். பேச்சு குறைந்துவிட்டது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. திடீரென்று அவர் பார்வை என் முகத்தை விட்டு நகர்ந்து, என் தோளுக்குப் பின்னால் போனது. முகம் மலர்ந்தது. கொட்டகைத் தட்டியின் இடுக்கு வழியாக நான் திருட்டுத்தனமாகப் பார்த்தேனே, அதைவிட நல்ல முகம். யாரோ நெடுநாள் பழகியவர் வாசலில் வந்து நிற்பதுபோல, வாங்க என்று சொல்லப்போகிறவர்போல உதடு அசைந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசிறியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் வெயில் கிடந்தது. வேறு யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் யாருமில்லாத வாசலைப் பார்த்து ஒருவர் அப்படிச் சிரிக்க மாட்டார். நான் அவருடன் அத்தனை வருஷம் வாழ்ந்தவள், எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அன்றைக்குக் கயிறும் கையுமாக, காலியான முகத்தோடு அவர் தொழுவத்தில் நின்ற நிலை நினைவு வந்தது. பிடியைத் தளர்த்தினேன். காதருகே குனிந்து, "சரி, போங்க. ஆனா நான் வாரதுக்குள்ள ரெண்டு பேரும் எல்லாத்தயும் பேசி முடிச்சிராதிய" என்றேன்.